பசிக்காத வயிற்றுக்கு எந்தத் தர்மம்?

நம் பெரியவர்கள் சாப்பாட்டைப் பற்றி எழுதி வைத்ததெல்லாம் பசிக்கிறவர்களுக்காக எழுதியது. வள்ளுவர் மருந்து என்று ஓர் அதிகாரம் வைத்து, முன்பு உண்டது செரித்ததா என்று பார்த்து, நன்றாகப் பசித்த பிறகு அளவோடு உண்ணச் சொன்னார். மணிமேகலையில் வரும் காயசண்டிகை, முனிவர் பன்னிரண்டு ஆண்டுக்கு ஒருமுறை உண்ணும் நாவற்கனியைக் காலால் சிதைத்ததற்காக, எவ்வளவு தின்றாலும் அடங்காத யானைத்தீ என்னும் பசிநோயைச் சாபமாக வாங்கிக்கொண்டவள். வடலூர் வள்ளலார் 1867 மே 23 அன்று தருமசாலையில் மூட்டிய அடுப்பு இன்றுவரை அணையாமல் எரிகிறது. அவர் பெயரில் வழங்கும் மூன்று கட்டளைகளில் முதலாவதே பசியோடு இருக்கச் சொல்வதுதான்.

பசியே எடுக்காதவள் என்ன செய்ய வேண்டும் என்று இவர்களில் யாரும் சொல்லவில்லை. வேலையில் இருந்த காலமெல்லாம் பள்ளிக்கூடத்தில் இந்த நூல்களைப் பாடமாக நடத்தியவள் நான். எனக்கே தேவைப்பட்டபோது தேடிப் பார்த்தேன், கிடைக்கவில்லை.

எனக்கு ஊர் குறிஞ்சிப்பாடி. வடலூர் பக்கத்திலேயே இருக்கிறது. அப்பா காலத்திலிருந்து வள்ளலார் வழிச் சன்மார்க்கக் குடும்பம். புலால் இல்லை, முட்டையும் இல்லை. மாதப் பூசத்தன்று எங்கள் சங்கத்தில் அன்னதானம். பணி ஓய்வுக்குப் பிறகு சமையல் பொறுப்பு என் தலையில் விழுந்தது, சந்தோஷமாகத்தான் சுமந்தேன். விறகடுப்பு, பெரிய அண்டா, கண்ணைக் கரிக்கிற புகை. இருமல் விடாமல் இருந்து, பிறகு மூச்சு வாங்க ஆரம்பித்து, ஸ்கேன் எடுத்து, ஊசி வைத்துச் சதை எடுத்துப் பார்த்ததில் வலது நுரையீரலில் புற்றுநோய் என்றார்கள். புதுச்சேரியில் வைத்தியம்.

அங்கே கேட்ட முதல் கேள்வி, வீட்டில் யாராவது புகை பிடிப்பார்களா என்பது. யாரும் இல்லை. ஆசியாவில் புகையே தொடாத பெண்களுக்கு வரும் நுரையீரல் புற்றுநோயில், ஈ.ஜி.எஃப்.ஆர். என்ற மரபணுவில் ஒரு மாற்றம் பெரும்பாலும் காணப்படுமாம். எனக்கும் அதுதான். விறகுப் புகையைப் பற்றிக் கேட்டேன். உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை, வீட்டுக்குள் விறகு எரிவதால் வரும் புகையை, புற்றுநோயை அநேகமாக உண்டாக்கக்கூடியது என்ற வகையில் வைத்திருக்கிறது என்றார் டாக்டர். ஆனால் ஒருத்தியின் நுரையீரலைக் காட்டி, இது அதனால் வந்தது என்று சொல்ல முடியாது என்றும் சொன்னார். அந்த இரண்டாவது வாக்கியத்துக்காக அவரை நான் மதிக்கிறேன். ஊரில் அப்படிச் சொல்ல ஆளில்லை.

நோய் வந்தவளிடம் ஊர் கேட்கும் கேள்விகளைக் கவனித்துக்கொண்டு வருகிறேன். அந்தக் காலத்தில், என்ன பாவம் செய்தாளோ என்பார்கள். இப்போது அப்படி யாரும் கேட்பதில்லை, நாகரிகம் வந்துவிட்டது. அதற்குப் பதிலாக, என்ன சாப்பிட்டாய் என்று கேட்கிறார்கள். பாக்கெட் மசாலா போட்டாயா, பிளாஸ்டிக் டப்பாவில் சாதம் எடுத்துப் போனாயா, வெள்ளைச் சர்க்கரையை விடவில்லையா? பழைய வினைக்கணக்கைத்தான் சமையலறைக் கணக்காக மாற்றிக் கேட்கிறார்கள். கேட்கிறவருக்கு இதில் ஓர் ஆறுதல் உண்டு. நான் செய்த தப்பு எதுவென்று தெரிந்துவிட்டால், அதைச் செய்யாத தமக்கு வராது என்று நிம்மதியாகப் போகலாம். வார்டில் எனக்கு எதிர்க்கட்டிலில் பீடி குடித்துப் படுத்த பெரியவர் ஒருவர் இருந்தார். அவரை யாரும் எதுவும் கேட்கவில்லை, காரணம் தெரிந்துவிட்டதால் இரக்கமும் தேவையில்லை என்பதுபோல நடந்துகொண்டார்கள். புகை பிடிக்காத எனக்குக் கிடைத்த ஐயோ பாவத்தில் பாதியாவது அவருக்குக் கிடைத்திருக்க வேண்டும். பீடி குடித்த நுரையீரலுக்கும் மூச்சுத் திணறல் ஒன்றுதான்.

இப்படிக் கேட்கிறவர்களிடமே மருந்தும் இருக்கிறது. முள்சீத்தா இலைக் கஷாயம், கோதுமைப்புல் சாறு, கருஞ்சீரகம். சர்க்கரையை அடியோடு நிறுத்தினால் கட்டி பட்டினியில் செத்துவிடும் என்று வாட்ஸப்பில் வந்த செய்தியைக் காட்டினாள் நாத்தனார் மகள். இதற்கு ஒரு மூலம் இருக்கத்தான் செய்கிறது. 1931-இல் நோபல் பரிசு வாங்கிய ஓட்டோ வார்பர்க், புற்றணுக்கள் சர்க்கரையை மிக வேகமாக எரிக்கின்றன என்று கண்டார். பெட் ஸ்கேனில் சர்க்கரை போன்ற ஒரு பொருளை ஊசியில் ஏற்றிக் கட்டியைக் கண்டுபிடிப்பதும் இதை வைத்துத்தான். ஆனால் நான் பாயசத்தை விட்டால் கட்டிக்குச் சர்க்கரை கிடைக்காது என்பது சரியில்லை. சாப்பிடாவிட்டால் உடம்பு தன் சதையைக் கரைத்தாவது சர்க்கரை செய்துகொள்ளும், கட்டி அதிலிருந்து எடுத்துக்கொள்ளும், மெலிவது நான். அந்த வாரத்தில் தொண்டையில் இறங்கிய ஒரே பொருள் பாசிப்பருப்புப் பாயசம். அதையும் நிறுத்தச் சொன்ன அன்புக்கு என்ன பெயர் வைப்பது என்று தெரியவில்லை.

கேரட்டைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் வீட்டுக்கு வந்தவர்கள் கொண்டுவந்த கேரட் எங்கள் தெருவுக்கே போதும். கேரட் நல்லதுதான். அதில் இருக்கும் பீட்டா கரோட்டினை மாத்திரையாக்கி, பின்லாந்தில் புகை பிடிக்கும் ஆண்கள் 29,000 பேரை வைத்து நடத்திய ஆய்வின் முடிவு 1994-இல் வந்தது. மாத்திரை சாப்பிட்டவர்களுக்கு நுரையீரல் புற்றுநோய் குறையவில்லை, 18 சதவீதம் கூடியது. அமெரிக்காவில் நடந்த இன்னோர் ஆய்விலும் இப்படித்தான். நல்ல உணவின் குணத்தைத் தனியே பிரித்து டப்பாவில் அடைக்க முடியும் என்ற நம்பிக்கை அங்கே அடி வாங்கியது. இதை வகுப்பறைக் குரலில் நாத்தனார் மகளிடம் சொன்னேன். டீச்சர் இன்னும் ரிட்டயர் ஆகவில்லை என்று சிரித்தாள்.

பசி போன விதத்தைச் சொல்கிறேன். எனக்குத் தினம் ஒரு ஜெஃபிட்டினிப் மாத்திரை, மூன்று வாரத்துக்கு ஒருமுறை ட்ரிப்பில் கீமோ. ட்ரிப் போட்ட மூன்றாம் நாளிலிருந்து எச்சில் தகரம் மாதிரி கசக்கும். எவர்சில்வர் கரண்டி வாயில் பட்டாலே உவ்வே என்று வரும், கையால்தான் சாப்பிட முடியும். தாளிக்கிற வாசனை, எதைக் கொண்டு சங்கத்துப் பந்தியை இழுத்து வந்தேனோ அந்தப் பெருங்காய வாசனை, என்னைக் கொல்லைப்புறத்துக்குத் துரத்தும். ஆறின தயிர்சாதத்துக்கு வாசனை இல்லை, அது பரவாயில்லை. மாத்திரையால் வயிற்றுப்போக்கு. வாயில் புண் வந்தால் புளிப்பும் காரமும் எரியும். இதற்கெல்லாம் மேலே, நுரையீரல் நோயாளிக்கே உரிய ஒன்று உண்டு: மெல்லுவதும் மூச்சு விடுவதும் ஒன்றோடொன்று போட்டி போடும். நாலு கவளத்துக்கு மேல் களைப்பாக இருக்கும். வயிறு நிறைந்தால் உதரவிதானத்தை மேலே தள்ளும், மூச்சு இன்னும் குறையும். ஆகவே நிமிர்ந்து உட்கார்ந்து, கொஞ்சம் கொஞ்சமாக, நாளைக்கு ஆறு வேளை, தண்ணீரைச் சாப்பாட்டோடு சேர்க்காமல் என்று சொல்லிக் கொடுத்தார்கள்.

சங்கத்தில் எண்பது வயதைத் தாண்டிய ஓர் ஐயா இருக்கிறார். பார்க்க வந்தார். அம்மா, ஞானிகள் பாடுபட்டு அடைந்த நிலை உங்களுக்குத் தானே வந்திருக்கிறது, நாவை வென்றுவிட்டீர்கள், இறைவன் காட்டும் வழி என்று எடுத்துக்கொள்ளுங்கள் என்றார். நல்ல மனசோடுதான் சொன்னார். நான் பல நாள் அதையே நினைத்துக்கொண்டிருந்தேன். எல்லாச் சமயங்களும் நாக்கைப் பகையாகத்தான் வைத்திருக்கின்றன. நானும் சின்ன வயதிலிருந்து அதோடு மல்லுக்கட்டியவள். மாவடு ஜாடியைத் திறந்து பார்த்துவிட்டு மூடிய விரத நாள்கள் எனக்கு உண்டு, அதில் ஒரு கர்வமும் உண்டு. அப்படிப் பார்த்தால் இப்போது நான் ஜெயித்துவிட்டேன். ஜாடி திறந்தே கிடந்தாலும் திரும்பிப் பார்ப்பதில்லை.

ஆனால் அது ஜெயித்த மாதிரி இல்லை. செஞ்சிக்குப் பக்கத்தில் திருநாதர்குன்று இருக்கிறது. பாறையில் இருபத்துநான்கு தீர்த்தங்கரர்களைச் செதுக்கியிருக்கிறார்கள். அங்கேதான் சந்திரநந்தி என்ற சமண ஆசிரியர் 57 நாள் உண்ணாதிருந்து உயிர் விட்டதைச் சொல்லும் மிகப் பழைய கல்வெட்டும் இருக்கிறது. மாணவிகளைச் சுற்றுலா கூட்டிப்போனபோது அதன் முன்னால் நின்று கோப்பெருஞ்சோழன் வடக்கிருந்த கதையையும் சொல்லியிருக்கிறேன். இன்றைக்கும் சமணர்கள் இப்படி உண்ணாதிருந்து உயிர் விடுவதைச் சல்லேகனை என்று போற்றுகிறார்கள். 2015-இல் ராஜஸ்தான் உயர் நீதிமன்றம் இது தற்கொலை என்று தீர்ப்புச் சொன்னது, அதே மாதத்தில் உச்ச நீதிமன்றம் அதை நிறுத்தி வைத்தது. அந்த வழக்கில் நான் தலையிடப் போவதில்லை. எனக்குத் தெரிவது ஒன்று: சந்திரநந்திக்குப் பசித்திருக்கும். முதல் சில நாளாவது வயிறு கூப்பாடு போட்டிருக்கும். அந்தக் கூப்பாட்டைக் கேட்டுக்கொண்டு அவர் இருந்ததால்தான் அது நோன்பு. பசி என்ற முதல் இல்லாமல் நோன்பு என்ற வியாபாரமே நடக்காது. என் வயிற்றில் கூப்பாடு இல்லை. விடுவதற்கு என்னிடம் ஒன்றுமில்லாதபோது, விட்டேன் என்று எதைச் சொல்வது? ஐயாவிடம் இதைச் சொன்னபோது, யோசித்துச் சொல்கிறேன் என்றார். பெரிய மனுஷர், உடனே பதில் சொல்லிவிடவில்லை.

உணவு ஆலோசகராக இருந்த பெண்ணுக்கு என் மாணவிகளின் வயதுதான் இருக்கும். காகிதத்தில் கணக்குப் போட்டுக் காட்டினாள். புற்றுநோயாளிக்கு எடையில் கிலோவுக்கு 25 முதல் 30 கலோரி, புரதம் ஒரு கிராமுக்கு மேல், முடிந்தால் ஒன்றரை கிராம் வரை. என் எடை 50 கிலோ. அப்படியானால் 75 கிராம் வரை புரதம். தினம் ரெண்டு முட்டை எடுத்துக்கங்கம்மா, வேலை சுலபமாயிடும் என்றாள். ஒரு முட்டையில் 6 கிராம் புரதம். அதற்கு ஈடு கட்ட 25 கிராம் பருப்பு வேண்டும். 25 கிராம் கொஞ்சம்தானே என்று தோன்றும். வேகவைத்தால் ஒரு கிண்ணம் ஆகிவிடும், அந்தக் கிண்ணம்தான் எனக்கு மலை. பசியில்லாதவளுக்குச் சத்தைவிடக் கொள்ளளவுதான் எதிரி.

முட்டை வேண்டாம் என்றேன். அவள் மல்லுக்கு நிற்கவில்லை, காகிதத்தைத் திருப்பி மறுபடி எழுதினாள். பொட்டுக்கடலை மாவு, வேர்க்கடலை, பனீர், கஞ்சியில் பால் பவுடர், கெட்டித் தயிர், எதிலும் ஒரு ஸ்பூன் நெய், எங்கள் பக்கத்து முந்திரியை அரைத்து எதில் கலக்க முடியுமோ அதில். ஆக, சைவமாகவே சமாளிக்கலாம். ஆனால் அந்தக் காகிதம் வீட்டுக்கு வந்த பிறகுதான் என் கொள்கையின் விலை தெரிந்தது. இரண்டு முட்டையை வேகவைக்கப் பத்து நிமிஷம். அதற்குப் பதிலாக என் வீட்டுக்காரர், மின்வாரியத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், அதுவரை காபிகூடப் போடத் தெரியாதவர், காலையில் எழுந்து பயறு முளைகட்டி, பொட்டுக்கடலை திரித்து, பனீருக்குப் பால் திரித்துக்கொண்டிருந்தார். மருமகள் வேலைக்குக் கிளம்பும் முன் முந்திரி அரைத்து வைத்துவிட்டுப் போவாள். விரதம் என்னுடையது, உழைப்பு அவர்களுடையது. கொல்லாமை என்று நாம் பெருமையாகச் சொல்வதற்குப் பின்னால் யாரோ ஒருவர் அம்மியடியில் உட்கார்ந்திருக்கிறார். இதை எந்தப் பிரசங்கத்திலும் நான் கேட்டதில்லை. அதற்காக நான் முட்டைக்கு மாறவும் இல்லை. மாறச் சொல்லி அவர்களும் கேட்கவில்லை. வேறு எதுவுமே இறங்காது என்ற நாள் வந்தால் என்ன செய்வேன் என்பதை அன்றைக்கு முடிவு செய்துகொள்கிறேன். இன்றைக்கே வீரம் பேசி வைப்பதில் அர்த்தமில்லை.

இன்னொரு வேடிக்கை. எனக்குப் போடுவதுபோல் பெமெட்ரெக்செட் என்ற கீமோ மருந்து போடுகிறவர்களுக்கு ஃபோலிக் அமில மாத்திரையும், ஒன்பது வாரத்துக்கு ஒருமுறை பி12 ஊசியும் கட்டாயம், இல்லாவிட்டால் வாய்ப்புண்ணும் ரத்த அணுக் குறைவும் கடுமையாகும். பி12 நம் சைவச் சாப்பாட்டில், பால் தயிரைத் தவிர, ஏறக்குறைய இல்லை. தொழிற்சாலையில் நுண்ணுயிர்களை வளர்த்து அவற்றிலிருந்து எடுக்கிறார்கள். அம்மா, நுண்ணுயிரும் உயிர்தானே என்று சங்கத்துப் பையன் ஒருவன் மடக்கினான். நீ மத்தியானம் ஊற்றிக்கொண்ட தயிரில் இருப்பது என்னடா என்று கேட்டேன்.

மணிமேகலைக் காப்பியத்தில் வரும் ஆபுத்திரனோடு எனக்கு இப்போது வழக்கு. அமுதசுரபி மணிமேகலைக்கு முன்பு அவனிடம்தான் இருந்தது. மதுரையில் சிந்தாதேவி கொடுத்த அந்தப் பாத்திரத்தை வைத்து ஊருக்கெல்லாம் சோறு போட்டான். இந்திரன் மழையைப் பெய்வித்துப் பாண்டிய நாட்டைச் செழிக்க வைத்ததும் கேட்டு வர ஆளில்லாமல் போயிற்று. பசித்தவர்களைத் தேடிச் சாவக நாட்டுக்குக் கப்பல் ஏறினான். வழியில் மணிபல்லவத்தில் இறங்கியவனை விட்டுவிட்டுக் கப்பல் போய்விட்டது. ஆளில்லாத தீவு. கையில் எடுக்க எடுக்கக் குறையாத பாத்திரம். அதைக் கோமுகிப் பொய்கையில் விட்டுவிட்டு, உண்ணாமல் கிடந்து உயிர் விட்டான். ஊட்ட ஒருவரும் இல்லாதபோது தன் ஒரு வயிற்றுக்காக அதை ஏந்த அவனுக்கு மனசில்லை.

பிள்ளைகள் இதைக் கேட்டுக் கண் கலங்குவார்கள். எனக்கும் குரல் கம்மும். இப்போது கேட்கத் தோன்றுகிறது: அந்தத் தீவில் பசித்த உயிர் ஒன்று இருந்ததே, அப்பனே, அது நீதானே? உயிர் எல்லாவற்றையும் எண்ணியவன் ஒன்றை மட்டும் ஏன் கணக்கில் விட்டாய்? அடுத்தவர் பசியைத் தீர்ப்பவர் தம்மைக் கணக்கில் சேர்க்கக்கூடாது என்று நம் தர்மத்துக்குள் எங்கோ ஓர் எண்ணம் புகுந்திருக்கிறது. பெண்களிடம் அது இன்னும் ஆழம். பந்தி முடிந்து, பாத்திரம் கழுவி, மிஞ்சியதைச் சாப்பிடுவது தியாகம் என்று சொல்லிக் கொடுத்து வளர்த்தார்கள். என் அம்மா கடைசிவரை சூடாகச் சாப்பிட்டதே கிடையாது. வள்ளலாரின் ஜீவகாருண்ய ஒழுக்கத்தை மறுபடி எடுத்துப் படித்தேன். பசி வந்தால் உடம்பிலும் அறிவிலும் என்னென்ன ஒடுங்குகிறது, சோறு உள்ளே போனதும் என்னென்ன துளிர்க்கிறது என்று அவர் விவரிக்கும் இடம் ஒரு வைத்தியரின் குறிப்பு மாதிரி இருக்கும். உயிர் தங்கும் இடம் என்பதற்காகவே உடம்பைக் காக்கச் சொல்கிறார். அது என் உடம்பாக இருந்தால் விலக்கு என்று எழுதவில்லை. ஆகவே இப்படி வைத்துக்கொண்டேன்: இந்த உடம்பு என்னிடம் ஒப்படைத்த ஓர் உயிர். அது வாய் திறந்து கேட்கவில்லை, கேட்கும் சக்தியை நோய் பறித்துவிட்டது. தருமசாலை வாசலுக்கு வரக்கூட முடியாதவருக்கு எடுத்துப்போய்க் கொடுப்போமே, அப்படி இதற்கும் கொடுக்க வேண்டும்.

இந்தக் கணக்கை எனக்கு முடித்துக் கொடுத்தவர் பரங்கிப்பேட்டைக்கார அக்கா ஒருவர். கீமோ நாற்காலியில் பக்கத்தில் உட்காருவார். ரம்ஜான் மாதம் வந்தது. நோன்பு வைக்கவில்லை என்று வருத்தப்படுவார் என்று நினைத்துப் பேச்சை எடுக்காமல் இருந்தேன். அவரே சொன்னார்: நோயாளிக்கு நோன்பு கடமையில்லை தங்கச்சி, குணமானா அப்புறமா வச்சுக்கலாம், குணமாகாத நோய்னா ஒரு நாளைக்கு ஒரு ஏழைக்குச் சாப்பாடு குடுத்துரணும், என் பேர்ல மவன் குடுத்துக்கிட்டிருக்கான். சொல்லிவிட்டு டப்பாவைத் திறந்து கஞ்சியைக் குடிக்க ஆரம்பித்தார். எனக்கும் ஊற்றினார். எனக்காக வீட்டில் கறி போடாமல் காய்ச்சியது. தான் சாப்பிடுவதும் அடுத்தவருக்குக் கொடுப்பதும் அந்தச் சட்டத்தில் ஒரே வாக்கியத்துக்குள் இருந்தது. நம் பக்கத்திலும் இல்லாமல் இல்லை. உணவை இகழாதே என்பது தைத்திரீய உபநிடதம். எலும்பாகிப்போன சித்தார்த்தர் சுஜாதை கொடுத்த பால்சோற்றை வாங்கி உண்ட பிறகுதான் போதிமரத்தடிக்குப் போனார். அந்தச் சோற்றை வாங்கியதற்காகவே கூட இருந்த ஐந்து பேரும் அவரை விட்டுப் போனார்கள். துறவை விட்டுவிட்டான் என்று நினைத்தார்கள் பாவம்.

பிரசாதம் ஒரு சங்கடம். ரத்தத்தில் வெள்ளையணு இறங்கியிருக்கும் நாள்களில் சமைக்காததும் திறந்து வைத்ததும் கூடாது. உறவினர்கள் பழநியிலிருந்தும் எங்கெங்கிருந்தோ கொண்டு வருவார்கள். கண்ணில் ஒற்றிக்கொண்டு பிள்ளைகளிடம் கொடுத்துவிடுவேன். ஒரு சித்திக்குக் கோபம். பஞ்சாமிர்தத்துக்குப் பயப்படுகிறவளுக்குச் சாமி எப்படி இரங்கும் என்றாள். எனக்குத் தெரிந்த கடவுள் அவ்வளவு அற்பர் இல்லை என்று சொல்லியிருப்பேன். கைவசம் மூச்சு குறைவாக இருந்ததால் சிரித்து வைத்தேன்.

இனி என் வீட்டுக்காரர் விஷயம். நான் மிச்சம் வைத்த தட்டை, தோற்ற பிள்ளையின் விடைத்தாளைப் போல எடுத்துப் பார்ப்பார். ரெண்டு வாய் போட்டுக்கம்மா, ஒண்ணே ஒண்ணு என்று கெஞ்சுவார். ஒரு நாள், நீ மனசு வச்சாச் சாப்பிடலாம், மனசு வைக்க மாட்டேங்கிற என்று சொல்லிவிட்டு வாசலில் போய் உட்கார்ந்துகொண்டார். அடுத்த முறை டாக்டரிடம் அவரையும் உள்ளே கூட்டிக்கொண்டு போனேன். டாக்டர் விளக்கினார். இந்த நோய் உடம்பு முழுக்க ஓர் அழற்சியை ஓட விடுகிறது. அது மூளையில் பசியை அணைக்கிறது, தசையைக் கரைக்கிறது. சாதாரணப் பட்டினியில் உடம்பு முதலில் கொழுப்பை எடுத்துச் செலவழித்துத் தசையைக் காப்பாற்றும். இதில் அப்படி இல்லை, சாப்பாடு போனாலும் தசை குறையலாம். ஆறு மாதத்துக்குள் எடையில் 5 சதவீதத்துக்கு மேல் போனால் அதைத் தனி நோயாகவே எண்ணுகிறார்கள். சாப்பிடுவது அவசியம், ஆனால் அம்மா மெலிவது அம்மாவின் பிடிவாதத்தால் இல்லை, உங்கள் சமையலாலும் இல்லை என்றார். வீட்டுக்காரர் ஒன்றும் பேசவில்லை. வரும் வழியில் பஸ்ஸில், அப்ப என் சமையல் நல்லாத்தான் இருக்கா என்று கேட்டார்.

இதிலிருந்து ஒன்றை இருவரும் பேசி முடிவு செய்திருக்கிறோம். இப்போது மருந்து வேலை செய்கிறது, கட்டி சுருங்கியிருக்கிறது. இந்தக் காலத்தில் பசிக்காவிட்டாலும் நான் சாப்பிடுவேன், அது என் வேலை. ஆனால் மருந்து எதுவும் கேட்காத கட்டம் ஒன்று வரலாம். அப்போது உடம்பு தானாகவே சோற்றையும் தண்ணீரையும் வேண்டாம் என்று சொல்ல ஆரம்பிக்கும். சாப்பிடாததால் சாகிறாள் என்று பார்க்கிறவர்களுக்குத் தோன்றும். உடம்பு மூடிக்கொண்டு வருவதால்தான் சாப்பாடு நிற்கிறது என்று சொன்னார்கள், அந்த நிலையில் உள்ளே திணித்தால் புரையேறி அவஸ்தைதான் மிச்சம். அன்றைக்கு உதட்டை நனைத்தால் போதும், ஊட்டக் கூடாது என்று சொல்லி வைத்திருக்கிறேன். அதை யாரும் வடக்கிருத்தல் என்று புகழவும் வேண்டாம், பட்டினி போட்டார்கள் என்று என் மருமகளைத் தூற்றவும் வேண்டாம். வீட்டுக்காரர் தலையாட்டினார், செய்வாரா என்பது வேறு.

இந்த வருஷம் ஆனி மாதத்தில், ட்ரிப் போட்டு மூன்றாவது வாரம், பண்ருட்டி வழியாக வந்துகொண்டிருந்தோம். ரோட்டோரம் பலாப்பழம் குவித்து வைத்து விற்றுக்கொண்டிருந்தார்கள். ஜன்னல் வழியே அந்த வாசனை வந்தது. எனக்குச் சாப்பிட வேண்டும் என்று தோன்றியது. கடமைக்காக இல்லை, புரதத்துக்காக இல்லை, சும்மா, ஆசையாக. நாவில் நீர் ஊறியது. எவ்வளவோ காலமாகப் பகை என்று சொல்லி நான் அடக்கி வைத்த ஆசை, தானே வந்து நின்றது. வண்டியை நிறுத்தச் சொல்லி, அறுத்து வைத்த சுளை வாங்கத் தயங்கி, முழுப்பழம் வாங்கி வீட்டில் கழுவி அறுத்து, இரண்டு சுளை தின்றேன். அதோடு போதும் என்றாகிவிட்டது. ஆனால் அந்த இரண்டு சுளைக்கு நான் போட்ட கும்பிடு, எந்தப் பூசத்திலும் போட்டதில்லை. வடலூரில் ஏழு திரையும் விலகி ஜோதி தெரியும்போது கூட்டம் எழுப்பும் சத்தம் எனக்குத் தெரியும். அதற்குக் கொஞ்சமும் குறைவில்லாத ஒன்று அன்றைக்கு என் வாய்க்குள் நடந்தது. ஆசையை அறுத்தால்தான் இறைவனை அடையலாம் என்று சொன்னவர்கள் யாருக்காவது இப்படி ஆசை அடியோடு போய்த் திரும்பி வந்திருந்தால், கொஞ்சம் மாற்றி எழுதியிருப்பார்கள் என்று நினைக்கிறேன். நோன்பு தப்பு என்று சொல்லவில்லை. பசியை வைத்திருப்பவர்கள் அதை ஒருநாள் தள்ளி வைத்துப் பார்க்கட்டும். அது பொருள் என்று தெரிந்து தள்ளி வைக்கட்டும்.

ஐயா ஒரு வழியாகப் பதிலோடு வந்தார். அவர் சொன்னது: அம்மா, பசியோடு இருக்கச் சொன்னது, பசி உங்களை விட்டுப் போகாமல் பார்த்துக்கொள்ளச் சொன்னதாகவும் இருக்கலாமே. அதில் எனக்கு முழுச் சம்மதம் இல்லை, ஆனால் எண்பது வயதுக்கு மேல் ஒருவர் தம் கருத்தை மாற்றிக்கொண்டு பஸ் பிடித்து வந்து சொல்கிறார் என்றால் காபி கொடுத்து உபசரிக்கத்தான் வேண்டும்.

அவரோடு தீராத வழக்கு இன்னொன்று இருக்கிறது. மாதப் பூசத்தில் முதல் பந்தி, பசித்து வருகிறவர்களுக்கு. சங்கத்தார் கடைசிப் பந்தி. நான் இப்போது முதல் பந்தியில் உட்காருகிறேன். தனியாக வீட்டில் ஆறு வேளையும் மல்லுக்கட்டுகிற எனக்கு, பசியோடு சாப்பிடுகிறவர்களுக்கு நடுவே உட்கார்ந்தால் அரை இலையாவது இறங்குகிறது. பக்கத்தில் ஒருவர் ரசத்தை உறிஞ்சிக் குடித்தால் என் கையும் இலைக்குப் போகிறது. பசிக்காதவருக்கு முதல் பந்தியில் இடம் கொடுப்பது முறையா என்று ஐயா கேட்கிறார். பசியில்லாமை பசியைவிடக் கொடிய பிணி என்று நான் வாதாடுகிறேன். இடத்தைப் பிடித்துக்கொண்டு யாரையும் காக்க வைக்கவில்லை, ஓரத்து இலைதான். சமையலில் புகைப் பக்கம் நான் போகக்கூடாது என்பதால் கேஸ் அடுப்புக்கு மாறிவிட்டார்கள். உப்புப் பார்க்கும் பொறுப்பை மருமகளிடம் கொடுத்தாகிவிட்டது. அவள் எப்போதும் ஒரு கை குறைத்துத்தான் போடுவாள், என் நாக்குக்கு அது தெரியவும் தெரியாது. சாம்பாரைப் பற்றி யாராவது புகார் சொன்னால் என்னிடம் வர வேண்டாம், நேரே அவளிடம் போகட்டும் என்று செயலாளரிடம் சொல்லி வைத்திருக்கிறேன்.